தராசக்கா அருவிக்குப் போனது

ஆற்றுக்கு அக்கரையில் ஓர் அருவி இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் இக்கரைப் படகுத்துறையில் முதலில் பார்ப்பது தராசக்காவைத்தான். அவளைப் பார்த்ததும் பாதிப் பேர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இழுத்து ஒரு பிரயோஜனமும் கிடையாது. வயிறு உள்ளே போனால் எடையும் உள்ளே போய்விடுமா என்ன? அது பாட்டுக்கு ஆளோடு சேர்ந்து படகில் ஏறும்.

ஏறுகிறவர்களை எங்கெங்கே உட்கார வைப்பது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. படகு நீளமானது, குறுகலானது, துடுப்புப் போட்டு ஓட்டுவது. நடு ஆற்றில் இழுப்பு அதிகம். கனமெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் அருவியை அடுத்த ஜென்மத்தில்தான் பார்க்க வேண்டும். அதனால் தராசக்கா துறையின் விளிம்பில் நின்றுகொண்டு ஒவ்வொருவரையும் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்ப்பாள். "நீங்க நடுப் பலகை. தம்பி, நீ முன்னால போ. ஏம்மா, அங்க இல்ல, உங்க வீட்டுக்காரருக்கு எதிர்ப் பக்கம். பக்கத்துல உக்காரணும்னா வீட்டுல போய் உக்காருங்க." புதிதாகக் கல்யாணமானவர்கள் கையைக் கோத்துக்கொண்டு வந்து நின்றால் அவளுக்கு இரக்கமே வராது. "படகு கவுந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே போவீங்க. பரவாயில்லன்னா சொல்லுங்க, சேர்த்தே வைக்கிறேன்" என்பாள். கை தானாகப் பிரியும்.

ஒரு தடவை பெரிய கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் நேராகப் படகு முதலாளியிடம் போய்ப் புகார் சொல்லிவிட்டாள், தன்னை ரெண்டு ஆளுக்குச் சமம் என்று இந்தப் பொம்பளை சொன்னதாக. முதலாளி கூப்பிட்டு விசாரித்தார்.

"அப்படியா சொன்னே?"

"ஐயோ, இல்ல முதலாளி. ஒன்றரைன்னுதான் சொன்னேன்."

இந்த வித்தையை அவள் எங்கும் போய்ப் படிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தானியக் கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலையில் இருந்தாள். ஒரே மாதிரி தெரிகிற மூட்டைகளில் எது கனம், எது ஏமாற்று என்று கண் பழகிவிட்டது. மூட்டைக்கும் மனுஷனுக்கும் அவளுக்குத் தெரிந்து ஒரே வித்தியாசம்தான், மூட்டை எதிர்த்துப் பேசாது. தப்பும் பண்ணுவாள், அதையும் சொல்ல வேண்டும். ஒல்லியாக இருந்து எலும்பு கனத்தவர்கள் அவளை நன்றாகக் கவிழ்த்துவிடுவார்கள். உட்கார்ந்த பிறகு படகு லேசாகச் சாயும். உடனே அவள், "நீங்க மாறி உக்காருங்க சார், நீங்க பாக்கிற மாதிரி இல்ல" என்பாள். புகழ்ந்தாளா அவமானப்படுத்தினாளா என்று புரியாமல் அந்த சார் மாறி உட்காருவார்.

படகோட்டி அவளுடைய வீட்டுக்காரர். பின்னால் கடைசிப் பலகையில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவர். மற்றவர்கள் வருவார்கள் போவார்கள், அவர் மட்டும் அங்கேயே இருப்பார். அதனால் தராசக்கா கணக்கை அவரிடமிருந்துதான் ஆரம்பிப்பாள். பின்பலகையில் இவ்வளவு கனம் இருக்கிறது, அதற்குத் தக்கபடி முன்னால் இவ்வளவு, நடுவில் இவ்வளவு. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கணக்கு மாறியதில்லை. மாறும் என்று அவள் நினைத்ததும் இல்லை.

மழைக்காலம் முடிந்து படகு மறுபடி ஓட ஆரம்பித்தபோதுதான் வினை ஆரம்பித்தது. வீட்டுக்காரர் இளைக்கிறார் என்று அவள் கண் சொல்லியது. கன்னம் ஒட்டியிருந்தது, கழுத்தெலும்பு எட்டிப் பார்த்தது. அடுக்களையில் குனிந்து தண்ணீர் எடுக்கும்போது அவருடைய முதுகு வேறு யாருடைய முதுகோ மாதிரி இருந்தது. சாப்பாட்டில் பாதியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, "மத்தியானம் நல்லா சாப்பிட்டேன்ல" என்பார். மத்தியானமும் அதையேதான் பண்ணியிருப்பார்.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடலாமா?" என்று அவள் ஒருநாள் வாயைக் கொடுத்தாள். அவ்வளவுதான். மனுஷன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் அவர் பேசிய ஒரே வார்த்தை "ம்". அதையும் வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரி ஒன்றும் தூரதேசத்தில் இல்லை. ஆற்றோடு கீழே போனால், பாலத்தைத் தாண்டி, டவுனில், கரையிலேயே இருக்கிறது. அதற்கென்று படித்துறைகூட உண்டு. அவருடைய அண்ணனும் இதே மாதிரி இளைத்துப் போய், இதே ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவர்தான். திரும்பி வரும்போது நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. படகில் பாலத்துப் பக்கம் போக நேர்ந்தால்கூட முகத்தை எதிர்க்கரைப் பக்கம் திருப்பிக்கொள்வார். நோய் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, நாம் போகாதவரைக்கும் அது வராது என்பது அவர் எண்ணம். சரியோ தப்போ, அதை அவர் விடுவதாக இல்லை.

இதற்கு நடுவில் தராசக்காவுக்கு இன்னொரு குழப்பம். இளைக்கிறார் என்கிறது கண், இல்லை என்கிறது படகு. பின்பக்கம் எப்போதும் போல அதே ஆழத்தில்தான் தண்ணீரில் உட்கார்ந்திருந்தது, ஒரு விரல்கூட மேலே ஏறவில்லை. ஆள் இளைத்தால் படகின் பின்பக்கம் தூக்க வேண்டாமா? படகு எதற்குப் பொய் சொல்லும்? தன் கண்ணுக்குத்தான் வயசாகிவிட்டது என்று நினைத்தாள். தொழில் போய்விடுமோ என்ற பயத்தில் இரண்டு நாள் வந்தவர்களிடம் மரியாதையாகக்கூடப் பேசிப் பார்த்தாள். முதலாளி பதறிப்போய், உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதா என்று கேட்டார்.

சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது நாத்தனார். அவள் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறாள். தராசக்கா துணி காயப்போடும்போது வீட்டுக்காரருடைய பேன்ட் இடுப்பில் புதுத் தையலைப் பார்த்துவிட்டு, போன் பண்ணிக் கேட்டாள்.

"அண்ணிகிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டு போனான். அதனால நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள் நாத்தனார். "மூணு பேன்ட், அண்ணி. மூணையும் பிடிச்சுக் குடுத்தேன். துணி தளர்ந்துபோச்சுங்கறான். மூணு துணியும் ஒரே நேரத்துல எப்படி அண்ணி தளரும்?"

கண் சரிதான் என்று ஆனது. அப்படியென்றால் பொய் சொல்வது படகு. செவ்வாய்க்கிழமை படகு ஓடாது, அன்றைக்குத்தான் அவள் அதைக் கழுவுவாள். அந்தச் செவ்வாய் அவர் வெளியே போனதும் பின்பலகையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு சாக்குப்பை கட்டி வைத்திருந்தது. அவிழ்த்தால் உள்ளே வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகள். பழையது கொஞ்சம், புதிது கொஞ்சம். உடம்பு இறங்க இறங்க, பாவி மனுஷன், அதற்குத் தக்கபடி ஈயத்தை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். பெண்டாட்டி கரையில் நின்று படகின் பின்பக்கத்தைப் பார்ப்பாள் என்று அவரைத் தவிர யாருக்குத் தெரியும்?

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தாள். தூக்கியிருக்கக் கூடாது. மூட்டை தூக்கிப் பழகிய கை, அது எவ்வளவு என்று உடனே சொல்லிவிட்டது. அவ்வளவும் அவர் உடம்பிலிருந்து போனது. அவள் படகிலேயே உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத தைரியத்தில் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் பையை எடுத்த இடத்திலேயே வைத்து, பலகையை மூடி, படகைக் கழுவி முடித்தாள்.

நேரடியாகக் கேட்டால் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். இனி எடுத்துச் சொல்லிப் பயனில்லை, ஒளிக்க முடியாத இடத்துக்கு ஆளைக் கொண்டு போக வேண்டும் என்று யோசித்தாள். இப்போதெல்லாம் அவர் வீட்டில்கூட சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறார், குளிருகிறதாம். குளிக்கப் போனால் கதவைச் சாத்திக்கொள்கிறார். அருவியில் கதவு கிடையாது.

"ஏங்க, நாம ஒரு தடவை அருவிக்குப் போயிட்டு வந்தா என்ன?"

"எதுக்கு?"

"பாக்கத்தான்."

"அதுல பாக்க என்ன இருக்கு? தண்ணி மேலருந்து கீழ விழுது. கீழருந்து மேல போனா சொல்லு, நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் அனுப்பி வைக்கிறேன். நான் மட்டும் பாக்கக் கூடாதா?"

அதுவும் நியாயம்தான். அவள் வேலை இக்கரையோடு சரி, அவருக்கு அக்கரையில் படகைக் காத்துக்கொண்டு நிற்பதோடு சரி. அருவியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், போகிறவர்கள் காய்ந்த துணியோடு போகிறார்கள், வருகிறவர்கள் நனைந்த துணியோடு கூடுதல் கனமாக வருகிறார்கள் என்பதுதான். ரொம்ப மறுத்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் அடுத்த செவ்வாய்க்கு ஒத்துக்கொண்டார். முதலாளியிடம் படகைக் கேட்டபோது, "லீவு நாள்லயும் படகா? ரெண்டு பேருக்கும் வேற பொழப்பே இல்லையா?" என்றார். லீவு நாளிலும் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மனுஷன் கேட்கிற கேள்வி!

அன்று காலை அவர் பல் துலக்குகிற நேரத்தில் தராசக்கா துறைக்குப் போய், ஈயப்பையை எடுத்து வந்து அடுப்புக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

அவர் வந்தார், படகில் ஏறினார், பின்பலகையில் உட்கார்ந்தார். பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. குதிகாலால் பலகைக்கு அடியில் துழாவினார். இடது காலால் ஒரு தடவை, வலது காலால் ஒரு தடவை. தராசக்கா முன்பலகையில் உட்கார்ந்து, வானம் எப்படி இருக்கிறது என்று ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"போலாமா?" என்றாள்.

"ம்" என்றார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. படகு பாதி ஆற்றைக் கடந்தது. நடு இழுப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. துடுப்பை நிறுத்தி, தண்ணீரைக் கோபமாகப் பார்த்து, "இந்த வருஷம் தண்ணி ரொம்பக் கனமா இருக்கு" என்றார். "இருக்கும் இருக்கும்" என்றாள் தராசக்கா.

அக்கரையிலிருந்து அருவிக்குக் கல்பாதையில் ஏற வேண்டும். வீட்டுக்காரருக்கு மரங்களின் மேல் திடீரென்று பெரிய ஆசை வந்துவிட்டது. கொஞ்சம் ஏறுவார், ஒரு மரத்தில் கையை ஊன்றி நின்று, "இது என்ன மரம்?" என்பார். அவளுக்கும் தெரியாது. இரண்டு பேருமாக அந்த மரத்தைப் பார்ப்பார்கள். மூச்சு அடங்கியதும் அடுத்த மரத்துக்குப் போவார்கள். இப்படியே எல்லா மரங்களையும் விசாரித்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

அருவி பெரிதாகத்தான் இருந்தது. அதைவிட அதன் சத்தம் பெரிது. அக்கரை ஊர்க்காரர்கள் ஒரு குடும்பம், பாறையில் துணியை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு யாரும் இல்லை.

"வாங்க, குளிக்கலாம்."

"எனக்குச் சளி பிடிக்கும். நீ போ."

எவ்வளவு சொல்லியும் மனுஷன் சட்டைப் பொத்தானில் கை வைக்கவில்லை. மேலே இரண்டாவது சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டார். போட்ட திட்டமெல்லாம் பாழ். வந்த கோபத்தில் தராசக்கா தனியாகப் போய் அருவிக்குக் கீழே நின்றாள். இத்தனை காலம் ஊர்க் கனத்தையெல்லாம் அளந்தவள், அருவியின் கனத்தை மட்டும் கொஞ்சம் குறைவாகப் போட்டுவிட்டாள். தண்ணீர் அவளை ஓங்கி ஓர் அறை அறைந்து கீழே உட்கார வைத்தது. கால் வழுக்கி, இரண்டு பாறைக்கு நடுவில் பொத்தென்று விழுந்தாள். "ஐயோ!" என்று ஒரு சத்தம் மட்டும்தான் வந்தது.

சளி பிடிக்கும் என்றவர் சட்டை, செருப்பு எதையும் பார்க்காமல் உள்ளே ஓடி வந்தார்.

"எந்திரி! கையக் குடு!"

கொடுத்தாள். இழுத்தார். அவள் அசையவில்லை. காலை அகட்டி வைத்து, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் மறுபடி இழுத்தார். முன்பெல்லாம் படகிலிருந்து அவளை ஒரு கையால் கரைக்குத் தூக்கி விட்டவர். பக்கத்துப் பாறையைப் பிடித்திருந்தால் அவள் தானாகவே எழுந்திருக்கலாம். பிடிக்கவில்லை. அவர் கையின் பலம் முழுவதும் எவ்வளவு என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. நனைந்த இரண்டு சட்டையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, விலா ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அவள் பார்க்கிறாள் என்று அவரும் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஈயத்த எடுத்துட்டியா?" என்று கத்தினார். கத்தாமல் அங்கே ஒன்றும் கேட்காது.

"ஆமா!"

"எங்க வச்சிருக்க?"

"அடுப்புக்குக் கீழ!"

"நான் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்!"

"ஏன்?"

அவர் ஏதோ முணுமுணுத்தார். அருவி அதை விழுங்கிவிட்டது.

"கேக்கல!"

"பயமா இருக்குடி!"

பாறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம் கையை நிறுத்தி இந்தப் பக்கம் திரும்பியது. வாழ்நாள் முழுக்க தலையணையிடம்கூடச் சொல்லாததை அந்த மனுஷன் ஊருக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நிறுத்தத் தெரியவில்லை. "அண்ணன் நடந்துதான் போனான்! சிரிச்சுட்டேதான் போனான்! உள்ள போனா எனக்கும் அதையேதான் சொல்லுவாங்க!"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு!" என்று தராசக்கா கத்தினாள். "உங்களவிட ஜாஸ்தியா இருக்கு! தினம் தினம் நீங்க கரையறத நான் கரையில நின்னு பாத்துட்டே இருக்கணுமா? அந்தப் பையைத் தூக்கினேன், தெரியுமா உங்களுக்கு? என் கையால தூக்கினேன்! என்ன சொன்னாலும் சொல்லட்டும், ரெண்டு பேரும் சேர்ந்து கேப்போம்! எனக்கு நீங்க வேணும்! நீங்க இல்லாம நான் யாரோட சண்ட போடுவேன்?"

"கத்தாத! எல்லாரும் பாக்கறாங்க!" என்று அவர் உச்சக் குரலில் கத்தினார்.

பாறைமேல் இருந்த பெண் அதற்குமேல் பொறுக்க மாட்டாமல் எழுந்து நின்றாள். என்ன விஷயம், யார் எவர் என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. "அண்ணே! அந்தக்கா சொல்றதக் கேளுங்கண்ணே!" என்று வாயில் கையைக் குவித்துக் கத்தினாள். சாப்பாட்டு வாயோடு அவள் வீட்டுக்காரரும் பெரிதாகத் தலையை ஆட்டினார்.

தராசக்கா பக்கத்துப் பாறையைப் பிடித்துத் தானாகவே எழுந்தாள். அவர் இன்னும் அருவியில் நனைந்துகொண்டே இருந்தார். அப்புறம் மேல் சட்டையைக் கழற்றினார். உள் சட்டையையும் கழற்றினார். இரண்டையும் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். இறங்கும்போது எந்த மரத்தையும் பற்றி விசாரிக்கவில்லை. முடியாத இடத்தில் நின்று, "இரு, முடியல" என்றார். அவளும் நின்றாள்.

கரைக்கு வந்ததும் அவர் துடுப்பைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "இன்னைக்கு என்னால ஆவாது" என்றார்.

"நீங்க நடுப் பலகையில உக்காருங்க" என்றாள் தராசக்கா. அவர் உட்கார்ந்தார்.

அவள் துடுப்புப் போட்டதை ஓட்டியதாகச் சொல்ல முடியாது. படகு ஒரு வட்டம் அடித்தது, பிறகு மனம் மாறி எதிர்ப்பக்கம் ஒரு வட்டம் அடித்தது. "வலது கையை அழுத்து. அந்தக் கை இல்ல, இன்னொண்ணு" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். நடு இழுப்பு படகைப் பிடித்துக் கீழே இழுத்தது. அவர்களுடைய துறை தூரத்தில் தெரிந்தது, பக்கத்தில் வந்தது, நேராக வந்தது. இங்கே திருப்ப வேண்டும். தராசக்கா துடுப்பைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். திருப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் திருப்பிவிடுவாள், அதற்குமேல் அவரை இழுத்துக்கொண்டு போக அவளிடம் தெம்பில்லை.

"ரெண்டு கையையும் ஒண்ணா போடு" என்றார் அவர். "நடு ஆத்துலயே விடு. பாலத்துக்குக் கீழ இடது வளைவுக்குள்ள புகுந்து போணும், அங்கதான் ஆழம்."

துறையில் முதலாளி டிக்கெட் ஜன்னலை விட்டு வெளியே ஓடி வந்தார். "ஏய்! படகு எங்க போவுது? எங்கய்யா போறீங்க?"

தராசக்கா வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் நடுப் பலகையில் எழுந்து நின்றார். சட்டை இல்லாத உடம்போடு, இரண்டு கையையும் வாயருகே வைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கு!"

"யாருக்கு?"

"எனக்குத்தான்!"

"உக்காருங்க, படகு ஆடுது" என்றாள் தராசக்கா. அவர் உட்கார்ந்ததும் துடுப்பை இழுத்தாள்.